வண்டி உள்ளே நின்ற ஆடி

ஜன்னலை மூடாதீர்கள். கொஞ்சம் திறந்தே இருக்கட்டும். தூறல் அடித்தால் அடிக்கட்டும், நனைவது என் சட்டைதானே. இந்த டீசல் வாடை எனக்கு ஒத்துக்கொள்ளாது. கொஞ்ச நேரத்தில் தலையைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் சேலம் வரைக்குமா? நல்லது, நானும் சேலம்தான். தோழர் என்று கூப்பிடலாம் அல்லவா? சார் என்று நான் யாரையும் கூப்பிட்டதில்லை. நீதிபதியையே கூப்பிட்டதில்லை.

அந்தப் பை இடைஞ்சலா? காலால் தள்ளிவிடாதீர்கள், அவ்வளவும் துண்டறிக்கை. நான் எழுதியது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், மீதிப் படிப்பெல்லாம் மில் வாசலில் கொடுத்த துண்டறிக்கைகளில் படித்ததுதான். ஒரு தாளில் உலகத்தை அடக்கிவிடலாம் தோழர், அடக்கத் தெரிந்தால்.

என் முகம் பார்த்த முகமாக இருக்கிறதா? இருக்கும். போன வருடம் ஆடியில் பேப்பரில் போட்டார்கள். 'தொழிலாளி சாவு, சங்கத் தலைவர் கைது.' அந்தத் தலைவர் நான்தான், இப்போது ஜாமீனில். ரங்கநாயகம். கோவையில் ரங்கண்ணன் என்றால் தெரியாத மில் கேட் கிடையாது. மில்லையெல்லாம் மூடிவிட்டான், கேட் மட்டும் இருக்கிறது, அது வேறு கதை. போட்டோவில் என்னைத் திருடனைப் போலப் போட்டிருந்தான். தலை குனிந்த மாதிரி. நான் குனியவில்லை. செருப்பு வார் அறுந்திருந்தது, அதைப் பார்த்தேன். அந்த நொடியில் எடுத்துவிட்டான்.

இருங்கள், போன். இதை எடுத்துவிடுகிறேன்.

ஆங், சொல்லு மாதையா. ஷட்டர் இறக்கியாச்சா? அருமை. வண்டி ஓடுதா? உள்ள நீ ஒருத்தன்தானே? சரி. வெளிப்பூட்டுச் சாவி பொன்னுரங்கத்துகிட்டத்தானே இருக்குது? அவன் கேட்டைவிட்டு நகரக் கூடாதுன்னு சொல்லு. யாரு வந்து கேட்டாலும் தரக் கூடாது. நானே வந்து திறக்கறேன். பெருந்துறை தாண்டப்போறேன். வை.

சேலத்துத் தோழர்கள். இன்றைக்கு அங்கே நம்முடைய போராட்டம் ஆரம்பம். அதற்குத்தான் போகிறேன். ஆனால் கோவைக் கதையைச் சொல்லாமல் சேலத்துக் கதை விளங்காது. கேளுங்கள், பொழுது போகும்.

மில்கள் போன பிறகு எனக்கு வந்து சேர்ந்தது ஒரு துப்புரவுக் கம்பெனியின் சங்கம். தெரு கூட்டுகிற வேலை இல்லை. பெரிய பெரிய ஏசி கல்யாண மண்டபங்கள், ஓட்டல்கள், அங்கே தரை முழுக்க விரித்துக் கிடக்கிற கம்பளங்களைக் கழுவுகிற கம்பெனி. நம் ஊரில் கம்பளம் எதற்கு என்று கேட்காதீர்கள். பணக்காரன் செருப்புப் போட்டுக்கொண்டு மெத்தை மேல் நடக்க ஆசைப்படுகிறான், வேறென்ன. சாம்பார் கொட்டும், சந்தனம் கொட்டும், குழந்தைகள் ஒன்றுக்குப் போகும். முகூர்த்த மாதங்களில் மேலாகத் துடைத்துவிட்டு ஓட்டுவார்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது. அந்த ஒரு மாதத்தில்தான் கோவையில் இருக்கிற அத்தனை மண்டபமும் கம்பளம் கழுவும். எங்கள் ஆட்களுக்கு ஆடிதான் சித்திரை வெயில்.

கழுவுகிற வண்டி உங்களுக்குத் தெரியாது. அது விளங்காவிட்டால் என் வழக்கும் விளங்காது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண வேன். பின்கதவைத் திறந்தால் உள்ளே ஒரு பெட்ரோல் இன்ஜின். அது ஒரு பக்கம் தண்ணீர் பம்பை ஓட்டும். மறுபக்கம் காற்றை இழுக்கிற புளோயரை ஓட்டும். தனியாக ஹீட்டர் கிடையாது, இன்ஜின் விடுகிற புகையின் சூட்டிலேயே தண்ணீர் கொதித்துவிடும். 'எதுவும் வீணாப் போறதில்லீங்ணா, புகைகூட வேலை செய்யுது பாருங்' என்பான் வண்டியோடு நிற்கிற நாச்சிமுத்து. வேனிலிருந்து இரண்டு குழாய்கள் கிளம்பும். மெல்லிய குழாயில் வெந்நீர் போகும். தடித்த குழாயில் அழுக்குத் தண்ணீர் திரும்பி வரும். இரண்டும் போய்ச் சேருகிற முனையில் ஒரு நீளக் கைப்பிடி. அது கம்பளத்துக்குள் வெந்நீரைப் பீச்சும், பீச்சிய கையோடு உறிஞ்சிக்கொள்ளும். பெண்கள் அதற்கு வைத்த பெயர் தும்பிக்கை.

உறிஞ்சின தண்ணீர் வேனுக்குள் ஒரு தொட்டியில் போய் விழும். தொட்டி நிரம்பினால் உள்ளே மிதக்கிற குண்டு ஒன்று எழும்பி உறிஞ்சலை அடைத்துவிடும். அழுக்குத் தண்ணீர் புளோயருக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக. அதனால் வேனோடு எப்போதும் ஒரு ஆள் இருக்க வேண்டும். அளவு காட்டுகிற முள்ளைப் பார்க்க வேண்டும், தொட்டி நிரம்ப நிரம்பத் திறந்துவிட வேண்டும். அந்த ஆள்தான் நாச்சிமுத்து. சூலூர்ப் பக்கத்து ஆள். பேச்சுக் குறைவு. சந்தா கேட்கும் முன்னே கொண்டுவந்து கொடுப்பான்.

போன வருடம் ஆடி பிறந்த முதல் வாரம். ஒரு பெரிய மண்டபத்தில் கம்பளம் காயவே இல்லை. தூறல் வேறு. புளித்த மாவு மாதிரி ஒரு நாற்றம். மண்டபக்காரன் கம்பெனிக்காரனைத் திட்டினான். கம்பெனிக்காரன் தமயந்தியைத் திட்டினான். தும்பிக்கை பிடிக்கிற பெண்களில் மூத்தவள். வேகமாக இழுக்கிறாள், ஒழுங்காக உறிஞ்சவில்லை, அலட்சியம் என்று அவளை வேலைநீக்கம் செய்துவிட்டான்.

அவள் சங்க அலுவலகத்துக்கு வந்து நின்றாள். "ஏனுங்ணா, கை ஒடியற மாதிரி அழுத்திப் புடிச்சனுங்க. அது இழுத்தாத்தானுங்க? வாய்க்குள்ள பல்லே இல்லாத மாதிரி சப்பிச் சப்பிப் போவுது. என்ற மேல எதுக்குங் கோவிச்சுக்கறாங்க?"

நான் நேரே மண்டபத்துக்குப் போனேன். தெருவில் வேன் நின்றது. குழாயைக் கழற்றச் சொல்லி, வேனின் உறிஞ்சுவாயில் உள்ளங்கையை வைத்தேன். பிடுங்க முடியவில்லை தோழர். நாச்சிமுத்து ஓடிவந்து திறந்துவிட்டான். அப்புறம் குழாயை மாட்டச் சொல்லிவிட்டு, அது போகிற வழியெல்லாம் நடந்தேன். மண்டபத்தைச் சுற்றி, பின்பக்கம் சமையல்கட்டு வழியாக, மாடிப்படி ஏறி, வளைந்து வளைந்து கிடந்தது. மாடியில் தும்பிக்கை முனையில் அதே கையை வைத்தேன். குழந்தை முத்தம் கொடுத்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான். தண்ணீர் என்னவோ முழுசாகப் போய்க்கொண்டிருக்கிறது, பம்பு தள்ளுகிறது. இழுப்புத்தான் வழியிலேயே செத்துப்போகிறது. குழாய் நீள நீள இழுப்புக் குறையும். போட்ட தண்ணீர் திரும்பி வராது. அது கம்பளத்திலேயே தங்கும். இதில் தமயந்தி செய்த குற்றம் என்ன?

அன்றைக்கே துண்டறிக்கை எழுதினேன். தலைப்பு, 'ஈரம் யார் குற்றம்?' இரண்டு பக்கம். படம்கூடப் போட்டேன். என் துண்டறிக்கைகளிலேயே சிறந்தது அதுதான். 'குழாயை நீட்டியது கம்பெனி, தண்டனை தொழிலாளிக்கா? வண்டியிடம் தொழிலாளி போனது போதும், தொழிலாளியிடம் வண்டி வரட்டும்!' எப்படி இருக்கிறது? அந்தக் குழாய்களைப் படியில் இழுத்து இழுத்துத்தான் பெண்களுக்கு இடுப்பு போயிருந்தது. படித்துவிட்டு ஒருத்தி அழுதாள்.

மண்டபத்துக்கு அடித்தளத்தில் கார் நிறுத்துமிடம் இருந்தது. ஆடியில் கார் ஏது? காலியாகக் கிடந்தது. அங்கிருந்து நேர் மேலே மண்டபம், குழாய் மட்டும் நுழைகிற அளவுக்குக் கூரையில் ஒரு துவாரமும் இருந்தது. வேனை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினால் குழாய் கால்வாசிதான் வேண்டும். நான் கேட்டது அது ஒன்றுதான்.

கோகுல்நாத் என்று ஒரு சூப்பர்வைசர். இஸ்திரி கலையாத சட்டை. அவன் சொன்னான், "ஐயா, இன்ஜின் ஓடற வண்டிங்க இது. வெளிய காத்தாட நிக்கோணும்னு மேனுவல்ல போட்டிருக்குதுங்."

"மேனுவல் யாருப்பா எழுதினது?"

"வண்டி செஞ்ச கம்பெனிதானுங்."

"அப்ப முதலாளி எழுதினது. தொழிலாளி எழுதின மேனுவல் இருந்தாக் கொண்டு வா, படிக்கலாம்."

கூடி நின்ற பெண்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். அவன் காது சிவந்துபோனது. கூட்டத்தைச் சிரிக்க வைத்துவிட்டால் பாதிப் போராட்டம் முடிந்தது தோழர். எந்தப் படிப்பும் அதைச் சொல்லித் தராது.

ஒரு நாள் வேலைநிறுத்தம். கம்பெனி இறங்கி வந்தது. ஒப்பந்தம் போட்டோம். தமயந்தி வேலைக்குத் திரும்பினாள். வண்டி உள்ளே வந்தது. கடைசியில் ஒரு வரியைச் செருகினார்கள். வண்டி ஓடுகிற நேரமெல்லாம் அடித்தளத்து வாசல் ஷட்டர் முழுசாகத் திறந்தே இருக்க வேண்டுமாம். தோற்றவன் எப்போதும் கடைசியில் ஒரு வரி சேர்ப்பான், மீசையில் மண் ஒட்டாமல் இருக்க. போகட்டும் என்று கையெழுத்துப் போட்டேன்.

கம்பளம் எப்படிக் காய்ந்தது என்கிறீர்கள்! தும்பிக்கை போன தடத்தில் கையை வைத்தால் அப்பளம் மாதிரி இருந்தது. தமயந்தி என் கையைப் பிடித்து வைத்துக் காட்டினாள். மண்டபக்காரனே இறங்கி வந்து பார்த்தான். அந்த ஆடியில் மண்டபம் மண்டபமாக வண்டி அடித்தளத்துக்குள் போனது. ஒவ்வொன்றும் என் கணக்கில் ஒரு வெற்றி.

மறுபடியும் போன். மாதையன்தான். ஒரு முறை பேசியாகிவிட்டது, இனி நேரில் பேசிக்கொள்ளலாம். பேருந்தில் கத்திப் பேசினால் உங்களுக்குத்தான் தொந்தரவு. அடிக்கட்டும்.

எங்கே விட்டேன்? ஆங், நாச்சிமுத்து. ஆடி பாதி போனபோது அவன் ஒரு மாதிரி ஆனான். "தலை வலிக்குதுங்ணா. உள்ள நிக்கையில மட்டுந்தான் வலிக்குது. வெளிய வந்தா விட்டுருது" என்றான். காப்பி குடி என்றேன். ஒரு நாள் வாந்தி எடுத்தான். காலையில் சாப்பிடாமல் வருகிறாய் என்று திட்டினேன், இரண்டு இட்லி வாங்கிக் கொடுத்தேன். இன்னொரு நாள் முள்ளைப் பார்த்தபடியே கண் சொருகி உட்கார்ந்திருந்தான். தூறல் உள்ளே அடிக்கிறது என்று மண்டபத்து ஆட்கள் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள் அன்று. தோளைத் தட்டினேன், விழித்துக்கொண்டான். தூக்கம் இல்லாத உழைப்பு. இதைத்தானே நான் முப்பது வருடமாக எழுதுகிறேன்?

நானும் அந்த அடித்தளத்துக்குள் போய் வந்தவன்தான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. போவேன், இரண்டு வார்த்தை பேசுவேன், வந்துவிடுவேன். புகை என்று ஒன்றைக் கண்ணால் பார்க்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் கேள்விப்படுகிறேன், இந்த நாச்சிமுத்து என்னைக் கேட்காமல் நேரே கோகுல்நாத்திடம் போய், வண்டியை வெளியே போட்டுவிடலாம் என்று சொல்லியிருக்கிறான். எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்கள். நாங்கள் தெருவில் உட்கார்ந்து வாங்கின உரிமை. அவன் தலைவலிக்காக அதைத் திருப்பிக் கொடுப்பதா? மறுநாள் காலையிலேயே கம்பெனி உத்தரவு வந்துவிட்டது, எல்லா மண்டபங்களிலும் வண்டியை வெளியே எடுக்கச் சொல்லி. அவ்வளவு வேகம்! எத்தனை நாள் காத்திருந்தார்கள் பாருங்கள், ஒருவன் தளர்வதற்கு.

எல்லோரையும் அடித்தளத்தில் கூட்டினேன். அவனை நடுவில் நிறுத்தினேன்.

"நாச்சிமுத்து, நீ தொழிலாளியா, கருங்காலியா?"

"அப்படிச் சொல்லாதீங்ணா." அவன் முகம் வெளிறிவிட்டது. "நான் சங்கத்துக்கு எதிரா ஒண்ணுஞ் சொல்லலீங். உள்ள நிக்க முடியலீங்ணா, அதானுங். ஷட்டர மட்டுமாச்சும் நல்லாத் தெறந்து வெய்யச் சொல்லுங்."

"தமயந்தி மறுபடியும் தெருவுக்குப் போகட்டும்னு சொல்றயா? அதை அவ முகத்தப் பாத்துச் சொல்லு."

அவன் தமயந்தியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். பக்கத்தில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"சரிங்ணா. நான் கருங்காலி இல்லீங். வண்டி உள்ளயே இருக்கட்டும். நானே ஓட்டறனுங்" என்றான்.

இதுதான் நான் வளர்த்த தொழிலாளி. கோர்ட்டில் இதைச் சொன்னேன். எழுதிக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.

வேலை நிறுத்தம் செய்தால் வண்டியை வெளியே எடுத்துவிடுவான், கம்பளம் ஈரமாகத்தான் இருக்கும், தொழிலாளி அலட்சியம் என்று கம்பெனிக்காரன் சொன்னது சரி என்று ஆகிவிடும். அதனால் நான் ஒரு புதிய வழி கண்டுபிடித்தேன். வேலை நடக்கும், ஆனால் வண்டியை எவனும் தொட முடியாது. வண்டி உள்ளேயே ஓடும். பெண்கள் மேலே கழுவுவார்கள். மண்டபக்காரனும் ஊராரும் வந்து காய்ந்த கம்பளத்தைத் தொட்டுப் பார்க்கட்டும். கோகுல்நாத் ஆட்களோடு வண்டியை எடுக்க வருகிறான் என்று தெரிந்ததும் ஷட்டரை இறக்கினோம். உள்ளே இருந்து மண்டபத்துக்குப் போகிற படிக்கதவை மேல்பக்கமிருந்து தாழ்ப்பாள் போட்டோம். ஷட்டரை வெளியில் பூட்டினேன். சாவி என் சட்டைப் பையில். நாச்சிமுத்து உள்ளே. அவனே போய் நின்றான். நான் ஒன்றும் தள்ளவில்லை.

அப்புறம் கேட்டில் நின்று பேச ஆரம்பித்தேன். அன்றைக்குக் காற்று என்றால் காற்று. உங்களுக்குத் தெரியாதா, பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் அடிக்கிற காற்று. பேனரைக் கிழித்துக்கொண்டு போனது. என் பேச்சுக்கு நடுவே பின்னால் அந்த ஷட்டர் தடதட தடதட என்று அடித்துக்கொண்டது. காற்றுதான். கொஞ்ச நேரம் அடித்தது, அப்புறம் அடங்கியது. நான் குரலை உயர்த்தினேன். காற்றைவிடப் பெரிய குரல் எனக்கு, மில் காலத்திலிருந்தே.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பேசிக்கொண்டிருக்கிறவன் போன் எடுப்பானா? அது அழகா? பிறகு பார்த்தபோது நாச்சிமுத்து. பேச்சு அங்கே வரைக்கும் கேட்டிருக்கிறது. வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டிருப்பான். சங்கக் கூட்டம் முடிந்தால் எப்போதும் கூப்பிட்டுச் சொல்வான், 'நல்லாப் பேசுனீங்ணா' என்று. முடிகிற வரைக்கும் பொறுக்க முடியவில்லை போலிருக்கிறது.

மாடியில் வேலை பிரமாதமாக நடந்துகொண்டிருந்தது. வெந்நீர் குறையவில்லை. இழுப்புக் குறையவில்லை. அவ்வளவு நல்ல இழுப்பு அந்த ஆடியிலேயே இல்லை என்று தமயந்தி இன்றைக்கும் ஒத்துக்கொள்வாள். ஒத்துக்கொண்டு என்ன, இப்போது அவளும் அரசுத் தரப்புச் சாட்சி.

அவள்தான் ஓடிவந்தாள். "அண்ணா, தும்பிக்கை இழுக்கலீங். சட்டுனு நின்னு போச்சு. தண்ணி மட்டும் வந்துட்டே இருக்குது, கம்பளமெல்லாம் குளமாட்டம் நிக்குதுங். தொட்டி ரொம்பிருச்சுங்ணா. அவரு தெறந்து விடலீங். கூப்புட்டா எடுக்கலீங்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. சதி. கம்பெனிக்காரன் என்னவோ செய்துவிட்டான், ஊர் பார்க்கிற நேரத்தில் கம்பளத்தை நனைக்க. தீர்மானம் வாசிக்கிற இடத்தில் இருந்தேன். 'இரு, தீர்மானத்தை முடித்துவிடுகிறேன்' என்றேன். பாதியில் விட்டால் தோற்ற மாதிரி அல்லவா? நாலு வரிதான். கைதட்டல் வாங்கிக்கொண்டுதான் போனேன்.

ஷட்டரைத் தூக்கினோம். தூக்கும்போது அவன்மேல் உரசியது. கீழேயே கிடந்தான், ஷட்டரை ஒட்டி. ஒரு கை ஷட்டரின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி. பேச்சு அங்கேதான் நன்றாகக் கேட்கும். இன்ஜினிலிருந்து எட்ட, ஷட்டரோடு காதை வைத்தால் நன்றாகக் கேட்கும். கேட்கத்தான் வந்திருக்கிறான்.

முகம் இறந்தவன் முகம் மாதிரி இல்லை தோழர். சிவந்திருந்தது. கன்னமெல்லாம். கறுப்பு ஆள், அவன் உயிரோடு இருந்த காலத்தில் அப்படி ஒரு நிறத்தை நான் பார்த்ததில்லை. நம் கொடியின் நிறம். இரங்கல் துண்டறிக்கையில் இதை எழுதினேன். படித்தவர்கள் உருகிப்போனார்கள்.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? டாக்டர் என்ன சொன்னான் என்று கேட்கிறீர்களா? இன்ஜின் விட்ட வாயுவாம். அதற்கு நிறம் கிடையாதாம், வாசனை கிடையாதாம், மூடின இடத்தில் சேர்ந்தால் ஆளைக் கொல்லுமாம். நிறமில்லை, மணமில்லை, கண்ணுக்குத் தெரியாது! முதலாளிக்கு இதைவிட வசதியான சாட்சி கிடைக்குமா? கூண்டில் ஏற்றிக் குறுக்குவிசாரணை செய்ய முடியுமா அதை? அவன் செத்தது உழைப்பால். தூக்கமில்லாமல், சோறில்லாமல், நெருக்கடியால். கம்பெனி கொன்றது. நான் எத்தனை சாவு பார்த்தவன்.

சாந்தாமணி, அவன் சம்சாரம். கொடி போர்த்தக் கொண்டுபோனேன். தோழர்கள் எல்லோரும் நின்றார்கள். அவள் கொடியைக் கையில் வாங்கி, மடித்து, என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். அழவில்லை. "ஏனுங்ணா, அந்தச் சாவி உங்ககிட்டத்தானுங்களே இருந்துச்சு?" என்று கேட்டாள்.

ஆமாம், என்னிடம்தான் இருந்தது. வேறு யாரிடம் இருக்க வேண்டும்? கோகுல்நாத்திடமா? சங்கத்தின் பூட்டு, சங்கத்தின் சாவி. போலீஸ் கேட்டபோதும் நான் மறைக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். சாந்தாமணிக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தானாக அப்படி ஒரு கேள்வி கேட்கிற பெண் இல்லை அவள்.

கோவையில் இப்போது எல்லா வண்டியும் தெருவில்தான் நிற்கிறது. கம்பளமெல்லாம் ஈரம். பெண்கள் குழாயை இழுத்துக்கொண்டு படி ஏறுகிறார்கள். அந்தச் சங்கம் என்னை நீக்கிவிட்டது. நன்றி என்பது எவனிடமும் கிடையாது.

சேலத்தில் அப்படி இல்லை. அங்கே வேறு கம்பெனி, அதே மாதிரி வண்டி, இன்னும் பெரிய இன்ஜின். என் பழைய துண்டறிக்கையை எவரோ கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள், 'ஈரம் யார் குற்றம்'. படித்துவிட்டு அவர்களே தேடிவந்தார்கள். மாதையன்தான் அங்கே வண்டி ஓட்டுகிறவன். இரண்டு பெண் குழந்தைகள், சின்னது இப்போதுதான் நடக்கிறது. மலைக்காட்டு ஆள், உறுதியான ஆள். இந்த முறை நான் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஷட்டர் திறந்திருக்க வேண்டும் என்கிற அந்த வரியைக் கோரிக்கையிலிருந்தே அடித்துவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதானே கோவையில் என்மேல் வழக்குப் போட்டார்கள்? எழுதாவிட்டால் மீறல் ஏது?

இதோ, பாருங்கள். மறுபடியும் மாதையன். எத்தனை முறைதான் கூப்பிடுவான்.

எடுக்கச் சொல்கிறீர்களா? எடுத்தால் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். 'தலை சுத்துதுண்ணா' என்பான். காலையில் நான் கிளம்பும்போதே, வண்டியோடு உள்ளே நின்றால் இலேசாகத் தலை வலிக்கிறது என்று போனில் இழுத்தான். நாம் 'அப்படியா' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போச்சு, ஆள் உட்கார்ந்துவிடுவான். ஒருவன் உட்கார்ந்தால் ஊரே உட்காரும். நாச்சிமுத்து விஷயத்தில் நான் செய்த ஒரே தவறு, அவன் சொன்னதை அத்தனை நாள் காதில் வாங்கியது.

போனை ஏன் பிடுங்குகிறீர்கள்? கையை எடுங்கள் தோழர். இது உங்கள் போன் இல்லை. சாவி வைத்திருக்கிற பொன்னுரங்கத்திடம் சொல்லவா? என்ன சொல்ல, திறக்கச் சொல்லியா? நீங்கள் எந்தக் கம்பெனி? முதலிலேயே சந்தேகப்பட்டேன், சட்டையைப் பார்த்து. கண்டக்டரைக் கூப்பிடுங்கள், யாரை வேண்டுமானாலும் கூப்பிடுங்கள். நான் சொல்லாமல் பொன்னுரங்கம் அந்தச் சாவியை எவனுக்கும் கொடுக்க மாட்டான். நான் பழக்கின ஆள்.

சங்ககிரி மலை தெரிகிறது பாருங்கள். இன்னும் கொஞ்ச நேரம்தான். போனதும் நானே என் கையால் திறப்பேன். போட்டோக்காரனை வரச் சொல்லியிருக்கிறேன், இந்த முறை ஒழுங்காக எடுக்கட்டும்.

அட, கவனித்தீர்களா?

போன் அடிக்கிறது நின்றுவிட்டது. எனக்குத் தெரியும், சமாளித்துக்கொள்வான் என்று. அந்த ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்து விடுங்கள்.